பட்டை சொல்லாத கணக்கு

அன்புள்ள சார்,

குகேஷ் செஸ் உலக சாம்பியனான ஆட்டத்தைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். அன்று நேரலையில் திரையோரம் ஓடிய எஞ்சின் பட்டை (யார் கை ஓங்கியிருக்கிறது என்று செஸ் கணினி நிரல் காட்டும் பட்டை) கடைசிவரை ‘சமம்’ என்றுதான் காட்டியது. அப்போதைய சாம்பியன் டிங் லிரன் ஒரே ஒரு தப்பு செய்தார், ஆட்டம் போச்சு. இதில் குகேஷை இவ்வளவு புகழ என்ன இருக்கிறது?

கே., திருச்சி

அன்புள்ள கே.,

பட்டை பொய் சொல்லவில்லை. அது யாருக்கான கணக்கு என்பதில்தான் சிக்கல். ஸ்டாக்ஃபிஷ் என்கிற எஞ்சின் இன்று ஒரு பக்கத்துக்கு +1 என்று காட்டினால், அந்த நிலையிலிருந்து எஞ்சின் தனக்குத்தானே ஆடும்போது அந்தப் பக்கம் பாதி ஆட்டங்களில் ஜெயிக்கும் என்று அர்த்தம். அளவுகோலே எஞ்சினோடு எஞ்சின் மோதுவதற்கானது. நாலு மணி நேரம் உட்கார்ந்து கண் எரிகிற மனுஷனுக்கு அதில் இடமில்லை.

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், 14ஆவது ஆட்டம். இருவரும் 6.5 புள்ளி. வெள்ளைக்காய் வைத்திருந்தும் டிங் டிராவை நோக்கியே ஆடினார். கடைசியில் ஆளுக்கொரு யானை, ஒரு பிஷப். குகேஷுக்கு இரண்டு சிப்பாய், டிங்குக்கு ஒன்று. அங்கேயே டிரா என்று கைகொடுத்திருந்தால் குகேஷை யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ தோற்கும் பயமே இல்லாத நிலையில் சும்மா சும்மா நகர்த்தி, எதிராளியை யோசிக்க வைத்துக்கொண்டே இருந்தார். டிங்கின் கடிகாரத்தில்தான் நேரம் குறைவு.

55ஆவது நகர்த்தலில் டிங் யானையை எஃப்2 என்கிற கட்டத்தில் வைத்தார். ‘யானைக்கு யானை மாற்றிக்கொள்வோமா’ என்கிற மாதிரி. ஆனால் அவருடைய பிஷப் ஏ8 மூலையில் கிடந்தது. யானைகள் போனதும் குகேஷ் தன் பிஷப்பை டி5இல் கொண்டுவந்து நிறுத்தினார். மூலையில் இருப்பதற்கு ஒரே ஒரு சாய்கோடுதான். ஓட இடமில்லை, வெட்டுக்கு வெட்டு. மிச்சம் ராஜாக்களும் சிப்பாய்களும்; அதில் ஒரு சிப்பாய் கூடுதலாக வைத்திருந்த குகேஷுக்கே ஜெயம். 58ஆவது நகர்த்தலில் முடிந்துவிட்டது.

இங்கே ஒரு வேடிக்கை. யானைகள் இருந்தவரை பலகையில் ராஜா, சிப்பாய் எல்லாம் சேர்த்து 9 காய், எஞ்சின் தேடித்தேடிக் கணக்குப் போட வேண்டும். அவை போனதும் 7. ஏழு காய் வரைக்கும் எந்த நிலை வந்தாலும் முடிவு இன்னது என்று குறித்துவைத்த டேபிள்பேஸ் இருக்கிறது. கணினிக்கு அதற்குமேல் யோசனையே தேவையில்லை, வாய்ப்பாட்டைப் பார்க்கிற மாதிரிதான்.

குகேஷுக்குப் பட்டையும் இல்லை, வாய்ப்பாடும் இல்லை. அந்தத் தப்பு தன் கண்ணில் உடனே படவில்லை, வேறொன்றை ஆடப்போனேன் என்று அவரே பிறகு சொன்னார். நமக்குத் திரை காட்டிக்கொடுத்ததை அவர் தானாகக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. சென்னையில் அவரை வளர்த்த பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, ஆட்டக்காரரின் பலத்தைச் சொல்லும் ரேட்டிங் எண் 2500ஐ எட்டும்வரை எஞ்சின் பக்கமே விடவில்லை. அந்த வளர்ப்புக்கு இதில் பங்குண்டு என்றே நினைக்கிறேன்.

டிங் செய்தது பெரிய தப்புதான், மறுக்கவில்லை. அன்று நான் பட்டையின்மேல் ஒரு காகிதத்தை ஒட்டிவிட்டுத்தான் பார்த்தேன். டிங் யானையை வைத்ததும், குகேஷின் இடத்தில் நானாக இருந்தால் என் யானையை ஒதுக்கிக் காப்பாற்றியிருப்பேன்.