எலும்பு சிக்கியதென்று வாய்க்குள் கை விடாதீர்கள்

தெருநாய்க்கு இரண்டு நாளாக வாய் மூடவில்லை, எச்சில் ஒழுகுகிறது, எலும்பு சிக்கியதோ என்று விரல் விட்டுப் பார்த்தேன் என்கிறீர்கள். இனி தொடவே தொடாதீர்கள்; அது வெறிநோயாக (ரேபிஸ்) இருக்கலாம். வெறிநாய் என்றாலே துரத்திக் கடிக்கும் என்று நினைக்கிறோம்; மூலையில் சாதுவாகப் படுத்துக் கிடக்கும் வகையும் உண்டு. கீழ்த்தாடை தொங்கும், குரைப்பு கரகரக்கும், தண்ணீரில் வாய் வைக்கும், ஆனால் விழுங்க முடியாது. (தண்ணீரைக் கண்டு மிரள்வது மனிதருக்குத்தான், நாய்க்கு அல்ல.)

சரி, உங்கள் விரலுக்கு வருவோம். நகக்கண்ணில் சின்னக் கீறல் இருந்தாலும் எச்சில் பட்டாலே ஆபத்து, கடித்திருக்க வேண்டியதில்லை. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, இன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலினும் (நோயை உடனே எதிர்க்கத் தயார்நிலையில் உள்ள எதிர்ப்புப் பொருள் ஊசி) வேண்டுமா என்று கேளுங்கள். நாய் என்னவாகிறது பார்ப்போம் என்று காத்திருக்காதீர்கள். அப்புறம், கால்நடை மருத்துவருக்கும் சொல்லிவிடுங்கள்.