பழைய மடிக்கணினியில் விண்டோஸ் 11 போடலாமா?

கேள்வி: நான் களுவாஞ்சிகுடியில் ஆசிரியையாக இருக்கிறேன். 2017ஆம் ஆண்டு வாங்கிய மடிக்கணினியில் விண்டோஸ் 10 இருக்கிறது. ஒக்டோபர் மாதத்திற்குப் பிறகு, ஆதரவு முடிந்துவிட்டது என்ற அறிவித்தல் திரையில் அடிக்கடி வருகிறது. கல்முனையில் ஒரு கடையில் காட்டினேன். இனி இது வைரஸ் பிடித்து நின்றுவிடும், போர்மட் பண்ணி விண்டோஸ் 11 போட்டுத் தருகிறேன் என்று அங்கிருந்த தம்பி சொன்னார். கணினியின் விபரத்தில் இன்டெல் கோர் ஐ5-7200யு என்று இருக்கிறது. என் வினாத்தாள்கள் எல்லாம் பாமினி என்ற தமிழ் எழுத்துருவில் அடித்தவை. அவை அழிந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. வீட்டில் டேட்டாவும் அளவோடுதான். என்ன செய்வது?

பதில்: உங்கள் கணினி நின்றுவிடாது, வினாத்தாள்களும் அழியாது. ஆனால் பிரதி எடுக்காமல் அதை போர்மட் பண்ணக் கொடுத்தால் நீங்கள் பயப்படுவது உண்மையாகவே நடக்கலாம். ஆகவே இதை வாசித்து முடிக்கும்வரை கணினியை வீட்டிலேயே வைத்திருங்கள்.

2015 யூலை 29ஆம் திகதி வெளியான விண்டோஸ் 10 இற்கு மைக்ரோசொப்ட் நிறுவனம் வழங்கிவந்த ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிந்தது. மாதந்தோறும் வந்துகொண்டிருந்த பாதுகாப்பு அப்டேட் இனித் தானாக வராது என்பதே அந்த அறிவித்தலின் பொருள். வேர்ட், பிரவுசர், பிரின்டர் எல்லாம் முன்போலவே வேலை செய்யும். விண்டோஸுடன் சேர்ந்து வரும் டிபென்டர் என்ற வைரஸ் தடுப்பிற்கு, புதிய வைரஸ்களை இனங்காணும் தரவுகள் 2028 ஒக்டோபர் வரை கிடைக்கும் என்று நிறுவனமே அறிவித்திருப்பதால், இதைக் காரணங்காட்டி வேறொரு அன்ரிவைரஸை யாரும் விற்க வந்தால் வாங்கத் தேவையில்லை.

அதற்காக அப்டேட் இல்லாமலே இருந்துவிடலாம் என்றும் எண்ண வேண்டாம். 2017 மே மாதத்தில் வன்னாகிரை என்ற தீநிரல் சுமார் 150 நாடுகளில் கணினிகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டபோது, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் அந்த ஆண்டு மார்ச் மாதமே வெளியாகியிருந்தது. போட்டவர்கள் தப்பினார்கள். டிபென்டர் வாசலில் நின்று ஆளை அடையாளம் பார்க்குமே தவிர, விண்டோஸில் இருக்கும் ஓட்டையை அதனால் அடைக்க முடியாது.

அந்த அப்டேட்டுகளை நீங்கள் தொடர்ந்து பெறுவதற்கு வழி இருக்கிறது, அதற்குக் காசும் தேவையில்லை. வீட்டுப் பாவனையிலுள்ள விண்டோஸ் 10 கணினிகளுக்கு 2026 ஒக்டோபர் 13ஆம் திகதி வரை பாதுகாப்பு அப்டேட்டை நீடித்து வழங்கும் திட்டமொன்றை மைக்ரோசொப்ட் நடத்துகிறது. 30 டொலர் கட்டியும் சேரலாம், அந்த நிறுவனத்தின் ரிவார்ட்ஸ் புள்ளிகள் 1,000 கொடுத்தும் சேரலாம். இவை இரண்டும் வேண்டாமென்றால், கணினியின் அமைப்புகளை உங்கள் மைக்ரோசொப்ட் கணக்குடன் ஒத்திசைத்து வைத்தாலே போதும். நீங்கள் தெரிவுசெய்ய வேண்டியது இந்த மூன்றாவது வழியைத்தான். செட்டிங்ஸில் அப்டேட் அன்ட் செக்கியூரிட்டி என்பதைத் திறந்து, விண்டோஸ் அப்டேட் பக்கத்துக்குப் போங்கள். உங்கள் விண்டோஸ் 22எச்2 பதிப்பாக இருந்து, நிலுவையிலுள்ள அப்டேட்டுகளும் போடப்பட்டிருந்தால், 'என்ரோல் நவ்' என்ற இணைப்பு அங்கே தெரியும். அதை அழுத்தினால் மிகுதி வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடும். அந்த நேரத்தில் உங்கள் கோப்புகளையும் வன்டிரைவ் (OneDrive) என்ற மைக்ரோசொப்டின் இணையச் சேமிப்பில் ஏற்றவா என்று கேட்டால் வேண்டாம் என்று விடுங்கள். இலவசமாகத் தரப்படும் 5 ஜிபி இடம் விரைவில் நிரம்பிவிடும், உங்கள் டேட்டாவும் அதிலேயே போய்விடும்.

உலகம் முழுவதும் கோடிக்கணக்கானோர் பாவிக்கும் ஒரு முறைமைக்கு, இலவசமாகச் சேரலாம் என்ற செய்தியை ஒரு பக்கத்தின் ஓரத்தில் சிறிய இணைப்பாக வைத்துவிட்டு, புதிய கணினி வாங்குங்கள் என்ற அறிவித்தலை மட்டும் முழுத்திரையில் காட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஓய்வூதியத்தில் வாழ்பவர்களும் தவணைக் கட்டணத்தில் கணினி வாங்கியவர்களும் அந்த முழுத்திரையைப் பார்த்துத்தான் கடைகளுக்கு ஓடுகிறார்கள்.

இனி விண்டோஸ் 11 விடயத்துக்கு வருகிறேன். நீங்கள் அனுப்பிய ஐ5-7200யு என்ற செயலியின் (புரொசசரின்) பெயரில், கோட்டுக்குப் பிறகு வரும் முதல் இலக்கமான 7 தான் தலைமுறையைக் காட்டுகிறது. இன்டெல் செயலிகளில் ஒரு சில விதிவிலக்குகளைத் தவிர, எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையும்தான் விண்டோஸ் 11 இற்கு ஏற்றவை என்று மைக்ரோசொப்ட் வரையறுத்திருப்பதால், உங்கள் கணினி அந்தக் கோட்டுக்கு வெளியே நிற்கிறது. கடையில் சொன்ன தம்பியால் விண்டோஸ் 11 ஐப் போட முடியும் என்பது உண்மைதான். பரிசோதனையைத் தாண்டிச் செல்லும்படி அமைத்த பென் டிரைவ் ஒன்று இருந்தால் எவராலும் முடியும். ஆனால் அப்படிப் போட்ட கணினிக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசொப்ட் உத்தரவாதம் தரவில்லை. அப்டேட் வேண்டும் என்பதற்காகவே மாறப்போகும் நீங்கள், உத்தரவாதமுள்ள அப்டேட்டை விட்டுவிட்டு உத்தரவாதமில்லாத அப்டேட்டுக்குக் கூலியும் கொடுப்பதில் பொருளில்லை.

உங்களுக்குப் பொருந்தாத ஒன்றை இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அக்கரைப்பற்றிலிருந்து வாழைச்சேனை வரை பலர் இதில்தான் ஏமாறுகிறார்கள். எட்டாம் தலைமுறைக்கும் பிந்திய, முழுத் தகுதியுள்ள கணினியிலும்கூட, விண்டோஸ் 11 இற்கு இது ஏற்றதல்ல என்று சில வேளைகளில் காட்டும். பெரும்பாலும் அதற்குக் காரணம், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புக் கூறு அணைந்து கிடப்பதுதான். அது தனியாக வாங்கிப் பூட்ட வேண்டிய பொருளல்ல. இன்டெல் கணினிகளில் பி.டி.டி. என்ற பெயரிலும், ஏ.எம்.டி. கணினிகளில் எப்.டி.பி.எம். என்ற பெயரிலும், கணினி எழும்பும்போது திறக்கக்கூடிய அடிப்படை அமைப்பான பயோஸுக்குள் இருக்கிறது, அங்கே போய் இயக்கிவிட்டால் போதும். இரண்டாவது காரணம், முன்பு போர்மட் பண்ணியவர் கணினி எழும்பும் விதத்தைப் பழைய லெகசி முறையில் அமைத்துவிட்டுப் போயிருப்பது. விண்டோஸ் 11 இற்கு யு.இ.எப்.ஐ. என்ற புதிய முறையும், எழும்பும்போது அந்நிய நிரல்களைத் தடுக்கும் செக்கியூர் பூட் வசதியும் வேண்டும். லெகசி முறையிலுள்ள டிஸ்கைத் தரவு அழியாமலே மாற்றும் கருவி விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. டிஸ்கை மாற்றாமல் பயோஸில் மட்டும் முறையை மாற்றினால் கணினி எழும்பாது. அதைக் காட்டி 'மதர்போர்ட் போய்விட்டது' என்று சொல்லக்கூடியவர்களும் இருக்கிறார்கள். எனவே கோட்டுக்குப் பிறகு 8250, 10210 என்றவாறு இலக்கம் உள்ளவர்கள், புதிய கணினிக்குக் காசு சேர்க்க முன்னர், மைக்ரோசொப்டின் பிசி ஹெல்த் செக் என்ற இலவசக் கருவியைப் போட்டுப் பார்த்து, தடையாக இருப்பது எது என்று அது எழுதிக்காட்டும் வரியை வாசியுங்கள். செயலி என்று காட்டினால் வழியில்லை. டி.பி.எம். என்றோ செக்கியூர் பூட் என்றோ காட்டினால் வழி இருக்கிறது. எதைத் தொடுவதென்றாலும் கோப்புகளைப் பிரதி எடுத்த பிறகே தொடுங்கள்.

எந்தக் கடைக்குப் போனாலும் நீங்கள் விழிப்பாக இருக்க வேண்டிய இடம் கணக்கு. விண்டோஸ் 11 போடும்போது மைக்ரோசொப்ட் கணக்கொன்றைக் கேட்கும். வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல் ஞாபகமில்லை, நேரமும் போகிறது என்று, கடையில் இருப்பவர் தன்னுடைய கணக்கையே கொடுத்துவிடுவார். அந்த நேரத்தில் எல்லாம் சரியாகவே நடப்பதுபோல் தெரியும். விண்டோஸ் 11 இன் 24எச்2 பதிப்பைப் புதிதாகப் போட்டு மைக்ரோசொப்ட் கணக்கில் நுழைந்தால், பல கணினிகளில் டிஸ்க் தானாகவே குறியாக்கம் செய்யப்பட்டு, அதைத் திறப்பதற்கான 48 இலக்கச் சாவி அந்தக் கணக்கில் சேமிக்கப்படுகிறது. பிறகு ஒரு நாள் பயோஸ் அப்டேட் ஒன்றோ, போர்ட் மாற்றமோ நடந்தால், நீலத் திரை வந்து அந்த 48 இலக்கங்களைக் கேட்கும். சாவி கடைக்காரரின் கணக்கில் இருக்கும், அந்தத் தம்பியோ கட்டாருக்குப் போயிருப்பார். வீட்டை உங்கள் காசில் கட்டி உறுதியை மேசன் பெயரில் எழுதியதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை. சாவி இல்லையென்றால் அந்த டிஸ்கிலிருப்பதை மைக்ரோசொப்டாலும் மீட்டுத் தர முடியாது.

விண்டோஸ் 10 இற்கான நீடிப்புத் திட்டத்திலும் இதே பொறி இருக்கிறது. ஒரு கணக்கில் 10 கணினிகள்வரை சேர்க்கலாம் என்பதால், கடையின் கணக்கிலேயே உங்கள் கணினியைச் சேர்த்துவிட்டு, இலவசமான ஒன்றுக்குக் காசு வாங்குவது எவருக்கும் சுலபம். உங்கள் பெயரில், உங்கள் தொலைபேசி இலக்கத்துடன், கடவுச்சொல்லை நீங்களே அடித்து ஒரு கணக்கைத் திறந்துகொள்ளுங்கள். மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையும் ஒரு கொப்பியில் எழுதி வீட்டில் வையுங்கள். பாடசாலையிலுள்ள இளம் ஆசிரியர் ஒருவரோ உயர்தரத்தில் படிக்கும் மகனோ பக்கத்தில் இருந்து உதவினால் நல்லது, ஆனால் கணக்கு உங்களுடையதாகவே இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். அப்டேட் அன்ட் செக்கியூரிட்டி பகுதியில் அக்டிவேஷன் என்பதை அழுத்தினால் ஒரு வரி வரும். டிஜிட்டல் லைசென்ஸ் மூலம் இயக்கப்பட்டது என்று இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. அலுவலகக் கணினியாக இல்லாத உங்கள் சொந்தக் கணினியில், ஏதோ ஓர் 'ஓர்கனைசேஷன்' உடைய சேவையால் இயக்கப்பட்டது என்று இருந்தால், முன்பு யாரோ, உரிமம் வாங்காமல் விண்டோஸை இயக்கும் கிராக் போட்டிருக்கிறார் என்று பொருள். கிராக் போடுவதற்கு முதலில் டிபென்டரை அணைத்துவிடுவார்கள், பலர் மீண்டும் இயக்காமலே தந்துவிடுகிறார்கள். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ஸ்டொப் என்ற தீநிரல் வருடக்கணக்காகப் பரவியது இத்தகைய கிராக்குகளுடன் சேர்ந்துதான். வினாத்தாள் வைத்திருப்பவர் அந்த ஆபத்தை வீட்டுக்குள் எடுக்கக்கூடாது.

பாமினி பற்றிய உங்கள் பயத்துக்குக் காரணம் உண்டு, ஆனால் அதற்குத் தீர்வு மிக எளிது. பாமினியில் அடித்த கோப்புக்குள் உண்மையில் இருப்பவை ஆங்கில விசைகளின் எழுத்துகள். அவற்றுக்குத் தமிழ் வடிவம் தருவது கணினியிலுள்ள பாமினி எழுத்துரு. போர்மட் பண்ணும்போது அந்த எழுத்துரு போய்விடும். அதன் பிறகு வினாத்தாளைத் திறந்தால், முதலாம் வினாவிலிருந்தே ஆங்கில எழுத்துகள் அர்த்தமில்லாமல் வரிசையாக நிற்கும், மெய்யெழுத்தின் புள்ளி வரவேண்டிய இடங்களிலெல்லாம் அரைப்புள்ளி இருக்கும். இதைப் பார்த்துக் கோப்பு பழுதாகிவிட்டது, ரிக்கவரி பண்ண இவ்வளவு என்று கேட்டால், ஒரு சதமும் கொடுக்காதீர்கள். பாமினி எழுத்துருவை மீண்டும் நிறுவினால் அதே வினாத்தாள் அதே இடைவெளிகளுடன் திரும்பிவரும், விண்டோஸ் 11 இலும் அப்படித்தான். இன்றைக்கே சி டிரைவில் விண்டோஸ் என்ற கோப்புறைக்குள் பொன்ட்ஸ் என்பதைத் திறந்து, பாமினியையும் நீங்கள் பாவிக்கும் மற்ற எழுத்துருக்களையும், வினாத்தாள்கள் உள்ள கோப்புறையோடு சேர்த்து ஒரு பென் டிரைவிலும் ஒரு வெளி ஹார்ட் டிஸ்கிலும் பிரதி எடுங்கள். யுனிகோட் தமிழ் எல்லாக் கணினியிலும் கைபேசியிலும் வந்து இத்தனை காலமான பிறகும், ஆசிரியர்களிடம் ஆவணங்களைப் பாமினியில்தான் தரவேண்டும் என்று கேட்கும் அலுவலகங்கள் இருப்பதால்தான் இந்தத் தொல்லை இன்னும் தொடர்கிறது. புதிய வினாத்தாள்களையாவது யுனிகோடில் அடிக்கத் தொடங்குங்கள்.

டேட்டா அளவோடு இருப்பதால், நீங்கள் இணைந்திருக்கும் வைபையின் புரொப்பர்டீஸில் 'மீட்டர்ட் கனெக்ஷன்' என்பதை இயக்குங்கள். அப்போது பெரிய அப்டேட்டுகள் கேட்காமல் இறங்கமாட்டா. ஆனால் இயக்கிவிட்டு மறந்தால் பெரும்பாலான அப்டேட்டுகள் இறங்காது. ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை அமெரிக்காவில் வெளியாகும் அப்டேட் நமக்குச் செவ்வாய் இரவு பிந்தித்தான் வரும். எனவே அடுத்து வரும் சனி, ஞாயிறில் நீங்களே இறக்குங்கள், உங்கள் பொதியில் இரவுக்கென்று தனி டேட்டா இருந்தால் இரவில் இறக்குங்கள். மாரிக்காலத்தில் மின்சாரம் அடிக்கடி போகுமாதலால், மடிக்கணினியின் பற்றரி முழுதாக ஏறியிருக்கும்போது மட்டும் ரீஸ்டார்ட் கொடுங்கள். பற்றரி பழுதாகி வயரில் மட்டும் இயங்கும் கணினியென்றால் முதலில் பற்றரியை மாற்றுங்கள்.

கடைக்குக் கொடுக்கவென்று ஒதுக்கிய காசு இருந்தால், இன்னும் பழைய ஹார்ட் டிஸ்க்தான் உள்ளே இருக்கிறதா என்று கேட்டு, இருந்தால் அதற்குப் பதில் எஸ்.எஸ்.டி. என்ற வேகமான டிஸ்க் ஒன்றைப் போடுங்கள். பழைய டிஸ்கில் உள்ளதை அப்படியே புதியதற்கு குளோன் பண்ணித் தரும்படி சொல்லுங்கள், போர்மட் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், பக்கத்தில் இருந்து செய்வித்து, பழைய டிஸ்கையும் கையோடு வாங்கி வாருங்கள். 2026 ஒக்டோபருக்குப் பிறகு வேறு கணினி வாங்கும் நிலை வந்து, பாவித்த கணினியொன்றைப் பார்ப்பதாக இருந்தால், விலை பேச முன்னர் செட்டிங்ஸில் செயலியின் இலக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், முந்திய சொந்தக்காரரின் கணக்கை உங்கள் கண் முன்னால் நீக்கச் சொல்லுங்கள்.