ரீஃப்ரைட் பீன்ஸை ஆளுக்கொரு ருசியில் செய்ய முடியுமா?

பிள்ளைகளுக்கு உறைப்பு ஆகாது, அம்மா சைவம், உங்களுக்கோ உறைப்பு வேண்டும் என்கிறீர்கள். ரீஃப்ரைட் பீன்ஸ் என்பது அவித்த பயறை மசித்து எண்ணெயில் வதக்குவதுதான், அதனால் ஒரே அவியலில் மூன்றும் முடியும். பயறை உப்போடு மட்டும் அவித்து வைத்துக்கொண்டு, ருசியைத் தாளிப்பில் பிரியுங்கள்.

மெக்சிக்கோவில் இதன் பெயர் 'ஃப்ரிஹோலெஸ் ரெஃப்ரிட்டோஸ்'. இரண்டு முறை பொரித்தது என்று அர்த்தமில்லை, நன்றாகப் பொரித்தது என்றுதான். அங்கே பின்டோ பயறும் (புள்ளி போட்ட பீன்ஸ் வகை) பன்றிக்கொழுப்பும் வழக்கம். கொழும்பு வெள்ளவத்தையில் பின்டோ தேடி அலுத்து நான் கௌபிக்கு (தட்டைப்பயறு) மாறிவிட்டேன். சிவப்பு ராஜ்மா என்றால் இரவே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடம் தளதளவென்று கொதித்த பிறகே தீயைக் குறையுங்கள். அரைவேக்காட்டு ராஜ்மா வயிற்றைப் புரட்டி எடுக்கும்.

அவித்த தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள், பதமே அதில்தான். 2 கப் அவித்த பயறுக்கு 2 மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, மத்தால் மசித்து, அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். கரண்டியால் கோடு இழுத்தால் சட்டியின் அடி ஒரு கணம் தெரிந்து மூட வேண்டும். ஆறினால் இறுகும், அதனால் இளக்கமாகவே இறக்குங்கள்.

பிள்ளைகளின் பங்குக்கு பட்டரும் சீஸும். அம்மாவுக்குத் தேங்காய் எண்ணெயில் வெங்காயம். உங்களுக்குச் செத்தல் மிளகாய், உள்ளி, நற்சீரகம். தேசிக்காய்ப் புளி கடைசியில்தான். முதலிலேயே விட்டால் பயறு வேகாது. ஒரு கரண்டி தேங்காய்ப்பால் விட்டால் மெக்சிக்கோக்காரர் முறைப்பார்கள். ஆனால் ரோஸ்ட் பாணுக்கு அதுதான் எடுப்பு.