இரும்புச் சிலுவையை வாங்குவதற்கு முன்

கேள்வி: ஜெர்மனியில் டோர்ட்முண்ட் பக்கம் குடியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பழைய பொருள் சந்தையில் ஒருவர் 1939 என்று பொறித்த இரும்புச் சிலுவை (ஜெர்மன் போர்ப் பதக்கம்) ஒன்றை விற்கிறார். நடுவில் தாள் ஒட்டி மறைத்திருக்கிறார். தன் தாத்தாவுடையது என்கிறார். போர் வரலாற்றில் எனக்கு ஆர்வம் உண்டு. வாங்கினால் சட்டச் சிக்கல் வருமா? அசல்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? புதிதாகச் சேகரிக்க வருபவர் இதில் தொடங்கலாமா?

பதில்: சட்ட விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். ஜெர்மன் குற்றவியல் சட்டத்தின் 86அ பிரிவு, ஸ்வஸ்திகா உள்ளிட்ட நாஜிச் சின்னங்களைப் பொது இடத்தில் காட்டுவதையும் பரப்புவதையும் தடை செய்கிறது. தண்டனை 3 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம். உங்கள் வீட்டு அலமாரிக்குள் ஒன்றை வைத்திருப்பது குற்றமில்லை. விற்பவர் நடுவில் தாள் ஒட்டியிருப்பது இதனால்தான். அங்கே அது வழக்கம், அதை வைத்து அவரைச் சந்தேகப்பட வேண்டாம். ஆனால் வாங்கிய மகிழ்ச்சியில் படம் எடுத்து முகநூலில் போட்டுவிடாதீர்கள், அதுவும் பொதுவில் காட்டுவதுதான். ஆஸ்திரியாவில் விதிகள் இன்னும் கடுமை. வேறு நாட்டுக்கு எடுத்துப் போவதாக இருந்தால் அந்த நாட்டுச் சட்டத்தைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

அடுத்தது அந்தத் தாத்தா கதை. பிரிட்டன் முதல் உலகப் போரில் கொடுத்த பதக்கங்களின் விளிம்பில் வீரரின் பெயர் பொறித்திருக்கும். ஜெர்மன் இரும்புச் சிலுவைகளைப் பெயரில்லாமல்தான் வழங்கினார்கள். ஆகவே கூடவே காகிதம் எதுவும் இல்லையென்றால், அது யாருடைய சிலுவை என்று அந்த உலோகம் சொல்லாது. விற்பவர் உண்மையே பேசினாலும் நிரூபிக்க வழியில்லை. கதைக்கென்று தனியாக ஒரு காசும் கொடுக்காதீர்கள். எப்படிச் செய்திருக்கிறார்கள் என்பதை மட்டும் பாருங்கள். நல்லவேளையாக, நமக்கு வேண்டிய தடயங்களில் பெரும்பாலானவை தாள் மறைக்காத இடங்களில்தான் இருக்கின்றன.

இரும்புச் சிலுவையை பிரஷ்ய அரசர் மூன்றாம் பிரடரிக் வில்லியம் 1813-இல் ஏற்படுத்தினார். 1870, 1914, 1939 ஆகிய ஆண்டுகளில் அது மீண்டும் அறிவிக்கப்பட்டது. உங்கள் சந்தையில் இருப்பது நாடாவோடு தொங்குவது என்றால் இரண்டாம் வகுப்பு. பின்னால் ஊசி இருந்தால் முதல் வகுப்பு. 1939 மாதிரியின் இரண்டாம் வகுப்பு சுமார் 44 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். முன்பக்கம் நடுவில் ஸ்வஸ்திகா, கீழே 1939. பின்பக்கம் 1813 மட்டும். அது மூன்று துண்டுகளால் ஆனது. நடுவில் கறுப்பு பூசிய இரும்புத் தகடு. அதற்கு முன்னும் பின்னும் வெள்ளி நிறச் சட்டகத்தின் இரண்டு பாதிகள். லாக்கெட்டுக்குள் படத்தை அடைப்பது போல, தகட்டை உள்ளே வைத்து இரண்டு பாதிகளையும் சேர்த்து ஓரத்தில் பற்றவைத்திருப்பார்கள்.

முதலில் பார்க்க வேண்டியது அந்த ஓரத்தைத்தான். பத்து மடங்கு பெரிதாக்கும் நகைக்கடை லென்ஸ் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். சிலுவையை முகத்தைப் பார்க்கிற மாதிரிப் பிடிக்காமல், கத்தியின் கூர் பார்ப்பவர் மாதிரி பக்கவாட்டில் திருப்புங்கள். இரண்டு பாதிகளும் சந்திக்கும் கோடு சுற்றிலும் எங்காவது தெரியும். அசலில் அதை அரத்தால் ராவி மழுப்பியிருப்பார்கள். லென்ஸில் அந்த மெல்லிய ராவல் கீறல்களும் பற்றவைப்பு கொஞ்சம் வழிந்த இடங்களும் அகப்படும். கோடே இல்லை, முழுதும் ஒரே வார்ப்பு என்றால் அங்கேயே கீழே வைத்துவிடலாம். வார்ப்புப் போலியில் இன்னொரு குறையும் இருக்கும். உருக்கி ஊற்றிய உலோகம் ஆறும்போது சுருங்குவதால் அளவு சற்றே சிறுத்துப் போகும், பரப்பில் ஊசிமுனை அளவில் குழிகள் விழும். ஒரு சாதாரண வெர்னியர் காலிப்பர் இதற்குப் போதும்.

அப்புறம் சட்டகத்தின் உள்விளிம்பில் ஓடும் நுண்ணிய மணிவரிசை. அசலில் அதை அச்சில் அடித்து எடுத்திருப்பதால் ஒவ்வொரு மணியும் கூர்மையாகத் தனித்து நிற்கும். போலியில் மணிகள் ஒன்றோடொன்று குழைந்து மழுங்கியிருக்கும். நான் எந்தச் சிலுவையைப் பார்த்தாலும் நான்கு கைகளும் சந்திக்கும் உள்மூலைகளில்தான் அதிக நேரம் நிற்பேன். ஒவ்வொரு தயாரிப்பாளரின் அச்சுக்கும் அங்கே ஒரு தனி அடையாளம் இருக்கும். அதைக் கண்ணுக்குப் பழக்கிக்கொண்டால் வேறு எதுவும் தேவைப்படாது என்றே சொல்வேன்.

காந்தம் ஒட்டினால் அசல் என்று பலரும் சொல்வார்கள். நம்பாதீர்கள். இன்றைய நல்ல போலிகளிலும் இரும்புத் தகடுதான் இருக்கிறது. பித்தளைத் தகடு வைத்துச் செய்த அசல்களும் உண்டு, காந்தம் அவற்றில் ஒட்டாது.

நாடா கோர்க்கும் வளையத்தில் ஓர் எண் இருக்கிறதா என்று பாருங்கள். அது தயாரிப்பாளர் எண். 65 என்றால் இடார்-ஓபர்ஷ்டைன் ஊரின் கிளைன் உண்ட் குவென்ட்சர், 100 என்றால் மிட்வைடாவின் வெஷ்ட்லர் உண்ட் லாங்கெ. எண்ணுக்கு முன்னால் 'எல்' எழுத்தும் சாய்கோடும் இருந்தால், வீரர்கள் சொந்தப் பணத்தில் கடையில் வாங்கிக்கொள்வதற்காகச் செய்தது. இது முதல் வகுப்பில்தான் அதிகம். எண்ணே இல்லாத அசல்களும் ஏராளம். எண்ணைக் குத்துவது போலி செய்பவருக்குப் பெரிய வேலையில்லை. ஆனால் அந்த எண்ணுக்குரிய தயாரிப்பாளரின் சட்டகத்தையும் சேர்த்துச் செய்வது கடினம். எண்ணும் சட்டகமும் பொருந்துகின்றனவா என்பதுதான் கேள்வி.

பளபளவென்று புதிது போல இருக்கிறதே என்று தயங்கவும் வேண்டாம். இரண்டாம் வகுப்புச் சிலுவையை வழங்கிய நாளில்தான் மார்பில் தொங்கவிடுவார்கள். பிறகு அதன் நாடாவை மட்டும் சட்டையின் பொத்தான் துளையில் செருகிக்கொள்வது வழக்கம். சிலுவை காகித உறையிலேயே கிடக்கும். 1939-க்குரிய நாடா நடுவில் அகலமான சிவப்பும், இரு பக்கமும் வெள்ளையும், ஓரங்களில் கறுப்பும் கொண்டது. புற ஊதா விளக்கில் அந்த நாடா வெள்ளை வெளேரென ஒளிர்ந்தால் அது பின்னாளைய துணியாக இருக்க வாய்ப்பு அதிகம். நாடாவை யாரும் மாற்றிவிடலாம் என்பதால் அதை வைத்து மட்டும் முடிவெடுக்க முடியாது.

புதியவர்கள் குழம்பும் இடம் ஒன்று உண்டு. 1957 ஜூலையில் மேற்கு ஜெர்மனி கொண்டுவந்த சட்டம், ஸ்வஸ்திகா இல்லாத வடிவில் போர்க்காலப் பதக்கங்களை அணிய முன்னாள் வீரர்களை அனுமதித்தது. அந்த வடிவத்தில் நடுவில் ஓக் இலைகள் இருக்கும். தாளுக்குக் கீழே இலைகள் இருந்தால் உங்கள் சிலுவை 1957 மாதிரி. சட்டப்படி மறைக்கவே தேவையில்லாதது, போர்க்காலத்ததும் அல்ல. இப்படிப் போருக்குப் பின் செய்த சட்டகத்துக்குள் ஸ்வஸ்திகா தகட்டை வைத்து விற்பவர்களும் இருக்கிறார்கள். சில பழைய நிறுவனங்கள் போருக்குப் பிறகும் தங்கள் பழைய அச்சுகளிலேயே அடித்தன. வியன்னாவின் ருடால்ஃப் சோவால் இதில் பேர்போனது. நேதாஜி ஜெர்மனியில் ஏற்படுத்திய ஆசாத் ஹிந்த் பதக்கங்களைச் செய்ததும் இதே சோவால்தான் என்பதால், நம்மவர்கள் யாராவது அந்தப் பதக்கங்களைத் தேடினால் இருமடங்கு கவனம் தேவை.

சரி, இதில் தொடங்கலாமா? வேண்டாம் என்பதே என் ஆலோசனை. 1934 ஜூலையில் ஜெர்மன் அதிபர் ஹிண்டன்பர்க் ஏற்படுத்திய உலகப் போர் கௌரவச் சிலுவையில் தொடங்குங்கள். முதல் உலகப் போரில் பங்கேற்றவர்களுக்காக வந்தது. ஸ்வஸ்திகா கிடையாது, சட்டத் தொல்லையும் இல்லை. போர்முனையில் இருந்தவர்களுக்கு வாள்களோடு கூடியது, மற்ற வீரர்களுக்கு வாள் இல்லாதது, போரில் இறந்தவர்களின் மனைவியருக்கும் பெற்றோருக்கும் கறுப்பு நிறத்தில் ஒன்று. வாள் கொண்டது மட்டுமே 60 லட்சத்துக்கு மேல் வழங்கப்பட்டதால் மலிவாகக் கிடைக்கும், போலியும் குறைவு. அச்சில் அடித்த அசல் உலோகம் கையில் எப்படி இருக்கும் என்பதைக் கற்றுக்கொள்ள இதைவிட நல்லது இல்லை. அந்தக் கறுப்புச் சிலுவை 7 லட்சத்துக்கு மேல் வீடுகளுக்குப் போனது. என்னிடம் இருப்பவற்றில் நான் மிகவும் மதிப்பது அதைத்தான்.

முடிந்தவரை வழங்கல் சான்றிதழோடு வாங்குங்கள். பெயர், படைப்பிரிவு, தேதி, முத்திரை, கையெழுத்து எல்லாம் அதில் இருக்கும். கூடவே படைவீரரின் சேவைப் புத்தகமும் கிடைத்தால் அதிலுள்ள பதக்கப் பதிவின் தேதியோடு ஒப்பிடலாம். இதை நான் வற்புறுத்துவதற்கு விலை மட்டும் காரணமல்ல. வதைமுகாம்களில் பணிபுரிந்தவர்களுக்கும் போர்ச் சேவைச் சிலுவை என்ற வேறொரு நாஜிக் காலப் பதக்கத்தைக் கொடுத்திருக்கிறார்கள். கையில் இருப்பது எப்படிப்பட்டவரிடமிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளும் பொறுப்பு சேகரிப்பவருக்கு இருக்கிறது. பெயர் தெரிந்தால் ஜெர்மன் கூட்டாட்சி ஆவணக் காப்பகத்துக்கு எழுதிக் கேட்கலாம். பெர்லினில் தனியாக இயங்கிவந்த வீரர் ஆவண அலுவலகம் 2019 முதல் அதன் ஒரு பகுதி. பதில் வர நாளாகும், பொறுமை வேண்டும்.

நாஜிக் கட்சியின் எஸ்.எஸ். படையின் துணிச் சின்னங்கள் பக்கம் இப்போதைக்குப் போகவே வேண்டாம். போலி மலிந்த பகுதி அது. ஆண்டுக்கணக்கில் பார்த்தவர்களே அங்கே ஏமாறுகிறார்கள்.

வாங்கியதைத் தேய்த்து மெருகேற்றாதீர்கள், அசல் பூச்சு போனால் திரும்ப வராது. பிவிசி உறைகளில் போட வேண்டாம், அதிலிருந்து கசியும் வேதிப்பொருள் உலோகத்தை அரிக்கும். போரின் பிற்பகுதியில் துத்தநாகத்தில் செய்த சின்னங்கள் சாம்பல் நிறமாகி இருந்தால் அது இயல்புதான். இரும்புத் தகட்டுக்கு எதிரி ஈரம்; அமிலமற்ற காகிதத்தில் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் பெட்டிக்குள் போட்டுவையுங்கள்.