வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு 155 பஸ்ஸில் போகலாமா?

கேள்வி இதுதான்: "வேலை விஷயமாகக் கொழும்பு வெள்ளவத்தையில் சில மாதம் தங்கப் போகிறேன். சொந்தக்காரர் வீடு கொட்டாஞ்சேனையில். 155 பஸ் நேரே போகும் என்று சிலர் சொல்கிறார்கள், அதில் மட்டும் ஏறாதே என்று சிலர் சொல்கிறார்கள். போய்ப் பழகியவர்கள் சொல்லுங்கள்."

போகலாம். ஆனால் அந்தப் பக்கம் யாராவது சோறு போட்டு வைத்துவிட்டுக் காத்திருந்தால் வேண்டாம்.

நான் மன்னாரிலிருந்து கொழும்பு கெம்பஸுக்கு, அதாவது பல்கலைக்கழகத்துக்கு வந்து, வெள்ளவத்தையில் ஓர் அறை எடுத்து நாலு வருசம் இருந்தவள். பெரியம்மா வீடு கொட்டாஞ்சேனையில். அந்த நாலு வருசத்தில் 155 இல் எத்தனை தரம் ஏறி இறங்கினேன் என்று கணக்கில்லை. கெம்பஸுக்கும் அதுதான், பெரியம்மா வீட்டுக்கும் அதுதான்.

அவசரமென்றால் வழி வேறு. காலி வீதியில் 100, 101 இரண்டும் அடிக்கடி வரும். ஏதாவது ஒன்றில் ஏறி, காலிமுகத்திடல் தாண்டி, புறக்கோட்டையில் இறங்கி, அங்கிருந்து ஓட்டோ பிடித்தால் கொட்டாஞ்சேனை கொஞ்ச தூரம்தான். ரயிலில் கோட்டை வரை போய்விட்டு அதே மாதிரிச் செய்யலாம், அது இன்னும் வேகம். 155 கோட்டைப் பக்கமே எட்டிப் பார்க்காது. கல்கிசைப் பக்கமிருந்து காலி வீதியால் வந்து, பம்பலப்பிட்டியில் கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, பௌத்தாலோக மாவத்தை, தும்முல்லை, கெம்பஸ், நகர மண்டபம், மருதானை, ஆமர் வீதி, கொட்டாஞ்சேனை என்று நகரத்தின் வயிற்றுக்குள்ளால் நுழைந்து மட்டக்குளியில் முடியும். வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் சுமார் 10 கிலோமீட்டர்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் முக்கால் மணித்தியாலத்துக்குள் போயிருக்கிறேன். வேலை நாள் பின்னேரம் ஐந்து மணிக்கு ஏறி ஏழு மணிக்கு இறங்கியும் இருக்கிறேன்.

முதலில் ஓர் எச்சரிக்கை. 154 உம் காலி வீதியில் அதே ஹோல்டில், அதாவது பஸ் தரிப்பில்தான் நிற்கும், பம்பலப்பிட்டியில் அதே இடத்தில்தான் திரும்பும். தும்முல்லை வரைக்கும் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். அங்கே 155 இடப்பக்கம் திரும்பி கெம்பஸ் வீதிக்குள் போகும், 154 நேரே பொரளைக்குப் போய்க் கிரிபத்கொடை வரை ஓடும். வந்த முதல் மாதம் கடைசி இலக்கத்தைச் சரியாகப் பார்க்காமல் ஏறி, யன்னலோரம் தூங்கியும் போனேன். கண் முழித்தால் பொரளைச் சந்தி. நல்ல காலம், பக்கத்தில் இருந்த ஓர் அக்கா 176 இல் ஏறச் சொன்னார். அது ஹெட்டியாவத்தை பஸ், பொரளையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுபோய்விடும். அதற்குப் பிறகு போர்டில் இலக்கத்தைப் பார்க்காமல், மிதிபலகையில் தொங்கிக்கொண்டு கொண்டக்டர் கத்துவதைக் கேட்டுத்தான் ஏறுவேன். "கெம்பஸ், டவுன்ஹோல், மருதான, கொட்டஹேன, மட்டக்குளிய" என்று ஒரே மூச்சில் வந்தால் அது உங்கள் பஸ். "பொரள்ள" என்று காதில் விழுந்தால் காலைத் தூக்காதீர்கள்.

கோட்டைப் பக்கம் போகும் பஸ்கள் காலி வீதியின் கடல் பக்கத்தில் நிற்கும். காலையில் போகிறீர்கள் என்றால் இடப்பக்க யன்னல். வெயில் வலப்பக்கம் விழும், இடப்பக்கம் நிழல். அதோடு வெள்ளவத்தையில் அந்தப் பக்கத்து ஒவ்வோர் ஒழுங்கையும் கடலை நோக்கித்தான் போகிறது. பஸ் ஊரும்போது இரண்டு கட்டடத்துக்கு நடுவில் ஒரு துண்டுக் கடல் தெரியும், மறையும், அடுத்த ஒழுங்கையில் மறுபடி தெரியும். மத்தியானத்துக்குப் பிறகு இதே சீட் அடுப்பு மாதிரி, அப்போது வலப்பக்கம் போய்விடுங்கள். வாசலுக்குக் கிட்ட உள்ள முன் சீட் மதகுருமாருக்கு, அடுத்தது கர்ப்பிணித் தாய்மாருக்கு. ஒரு பஸ்ஸில் "தாய்மார்" என்பதில் முதல் எழுத்து மாறி "நாய்மார்" என்று ஒட்டியிருந்தது. தமிழ் தெரிந்த நாங்கள் நாலைந்து பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்ததோடு சரி, யாரும் கொண்டக்டரிடம் சொல்லவில்லை. என்ன சொல்வது, எந்த மொழியில் சொல்வது?

155 பிடிக்கும் என்று நான் சொல்வதற்குக் காரணம் வேகமும் இல்லை, வசதியும் இல்லை. சீட்டை விட்டு எழும்பாமலே மூன்று தமிழ் கேட்கலாம். வெள்ளவத்தையில் ஏறுகிறவர்கள் பேசுவது வடக்குத் தமிழ். 90 களில் யுத்தத்துக்குத் தப்பி வந்தவர்களும் அவர்களுக்கு முன்னே வந்தவர்களுமாக நிறைந்த இடம் அது. "எங்கை போறியள்?", "உதிலை இறங்குங்கோ" என்றுதான் காதில் விழும். பம்பலப்பிட்டி கதிரேசன் கோவில் ஹோல்ட் வரைக்கும் இந்தச் சத்தம். கெம்பஸில் எல்லா ஊர்ப் பிள்ளைகளும் ஏற, ஆங்கிலமும் சிங்களமும் கலந்து ஒன்றும் பிரித்துச் சொல்ல முடியாது. நகர மண்டபத்தில் தெவட்டகஹ பள்ளிவாசலடியில் தொப்பியும் அபாயாவுமாகக் கொஞ்சப் பேர் ஏறுவார்கள், மருதானையில் ஸாஹிராக் கல்லூரிப் பிள்ளைகள் ஏறுவார்கள். இப்போது காதில் விழுவது முஸ்லிம்களின் தமிழ்: "உம்மா வீட்டுல ஈக்கி", "வாப்பா வந்தீக்கி". ஆமர் வீதி தாண்டியதும் "எங்க போறீங்க?", "நான் ஹோல்ட்ல நிக்கிறேன், சீக்கிரம் வாங்க" என்று இன்னொரு தமிழ். கொட்டாஞ்சேனை, ஜம்பட்டா வீதி, கொச்சிக்கடைப் பக்கம் கத்தோலிக்கர், இந்திய வம்சாவளியினர், மலையகத்திலிருந்து கடை வைக்க வந்தவர்கள் என்று தலைமுறை தலைமுறையாக ஊறிய பேச்சு அது. வெள்ளவத்தை ஆட்கள் இந்தத் தமிழைக் கேட்டால் கொஞ்சம் மூக்கைச் சுளிப்பார்கள். கொட்டாஞ்சேனை ஆட்கள் வெள்ளவத்தைத் தமிழைப் பகிடி பண்ணுவார்கள். பெரியம்மாவின் பேரப்பிள்ளைகள் நான் "போட்டு வாறன்" (போய்விட்டு வருகிறேன்) என்று சொன்னால் எதைப் போட்டுவிட்டு வருகிறீர்கள் என்று கேட்பார்கள்.

நான் கெம்பஸில் இருந்த காலம் யுத்தத்தின் கடைசி வருசங்கள். 2007, 2008 இல் பஸ்ஸில் தமிழ் இவ்வளவு சத்தமாகக் கேட்காது. சோதனைச் சாவடியில் பஸ் நின்றால் அடையாள அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கி வரிசையில் நின்று, மறுபடி ஏற வேண்டும். போன் அடித்தால் எடுக்காமல் விட்டுவிடுவோம். பஸ்களில் குண்டு வெடித்த காலம், அதனால் சொந்தக்காரன் இல்லாத பை என்றால் எல்லோருக்கும் நெஞ்சு பதறும்.

அப்படி ஒரு நாள். மன்னாரிலிருந்து அம்மா அனுப்பிய பை ஒன்றைப் பெரியம்மாவுக்குக் கொண்டு போகிறேன். சீட்டுக்கு அடியில் வைத்திருந்தேன். நகர மண்டபத்தில் வயதான ஒருவருக்கு இடம் கொடுத்து எழும்பினேன். "இஸ்ஸரஹட்ட யன்ன, இஸ்ஸரஹட்ட யன்ன" என்று கொண்டக்டர் தள்ளத் தள்ள முன்னுக்குப் போய்விட்டேன், பை பின்னுக்கு. கொஞ்ச நேரத்தில் பின்னாலிருந்து கொண்டக்டரின் குரல்: "மே பேக் எக காகெத?" இந்தப் பை யாருடையது என்கிறான். பஸ் முழுக்க அமைதி. என்னுடையது என்று சொல்ல வாய் வரவில்லை. சிங்களத்தில் சொன்னால் உச்சரிப்பிலேயே தெரிந்துவிடும், சொல்லாவிட்டால் அதைவிடப் பெரிய பிரச்சினை. நீலப் பொலித்தீன் பை, வாயைச் சணல் கயிற்றால் மூன்று சுற்றுச் சுற்றி அம்மா போட்ட முடிச்சு. கொண்டக்டர் குனிந்து, இரண்டு விரலால் கயிற்றைப் பிடித்துத் தூக்கினான். தூக்கியதும் மணம் கிளம்பிவிட்டது. யன்னலோரம் இருந்த ஒரு சிங்கள அம்மா மூக்கைச் சுருக்கி, "கரவல!" என்றார். கருவாடு. முழு பஸ்ஸும் சிரித்தது. நான் கையைத் தூக்கினேன். பை தலைக்கு மேலால் ஒவ்வொரு கையாக மாறி மாறி முன்னுக்கு வந்து சேர்ந்தது. கொடுத்த கடைசி ஆள் கையை மணந்து பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

சரி, காசு விஷயம். பெரிய நோட்டை நீட்டாதீர்கள். கொண்டக்டர் நோட்டுகளை நீளவாட்டில் மடித்து விரல் இடுக்குகளில் செருகி வைத்திருப்பார், சில்லறை உள்ளங்கையில் குலுங்கிக்கொண்டே இருக்கும். இருந்தும் மிச்சக் காசு கேட்டால் "பஸ்ஸே தென்னங்", பிறகு தருகிறேன் என்பார். அந்தப் பிறகு சில நேரம் வராது. இறங்குவதற்கு இரண்டு ஹோல்ட் முன்னே ஞாபகப்படுத்துங்கள். கட்டணம் எவ்வளவு என்று இங்கே எழுதினால் நீங்கள் ஏறும்போது மாறியிருக்கும். 2022 ஜூலையில் குறைந்த கட்டணமே 40 ரூபாவுக்கு ஏறியது, அப்புறம் டீசல் விலையோடு சேர்ந்து இறங்கியது. அரசாங்கத்தின் இ.போ.ச. சிவப்பு பஸ் வந்தால் டிக்கெட் கிடைக்கும், மாணவர் சீசன் செல்லும். நான் போன காலத்தில் தனியார் பஸ்ஸில் கேட்டால்தான் டிக்கெட் தந்தார்கள், கேட்டதற்காக ஒரு பார்வையும் தந்தார்கள்.

தனியார் பஸ்ஸுக்கு இரண்டே வேகம்தான். முன்னால் போன பஸ்ஸுக்கும் தனக்கும் இடைவெளி வேண்டும் என்று ஹோல்டுக்கு ஹோல்ட் நத்தை மாதிரி ஊரும். பின்னால் அடுத்த 155 தெரிந்துவிட்டால், ஆட்களை அது அள்ளிக்கொண்டு போய்விடும் என்று பறக்கும். ஊரும்போது திட்டாதீர்கள், பறக்கும்போது கம்பியை விடாதீர்கள். பாடசாலை விடும் ஒன்றரை மணிக்குக் கெம்பஸ் வீதியைத் தவிர்க்கப் பாருங்கள், அங்கே றோயல் கல்லூரிப் பிள்ளைகளும் அவர்களை ஏற்ற வந்த வாகனங்களும்தான் வீதி. பின்னேர நெரிசலில் தனியே போகும் பெண்களுக்கு ஒன்று: நடுவில் நிற்காமல் முன்பக்கம் சாரதிக்குக் கிட்ட நில்லுங்கள். தொல்லை என்றால் சத்தமாகச் சொல்லுங்கள். நான் ஒரு வருசம் சத்தம் போடாமல் ஊக்கு வைத்துக்கொண்டு போனேன். இரண்டாம் வருசம் வாயைத் திறந்தேன், ஊக்கைவிட அது நன்றாக வேலை செய்தது.

இறங்க வேண்டிய இடம் தெரியாவிட்டால் பஞ்சிகாவத்தையில் கண்ணைத் திறந்து வையுங்கள். இரண்டு பக்கமும் வாகன உதிரிப்பாகக் கடைகள், கண்ணாடி, பம்பர், டயர் என்று தொங்கும். அது முடிந்தால் ஆமர் வீதி, அப்புறம் கொட்டாஞ்சேனை. ஹோல்டுக்குக் கிட்ட வரும்போது "பஹினவா!" என்று உரக்கச் சொன்னால் போதும், "இறக்கம்" என்றாலும் இந்தப் பக்கத்தில் நிற்பாட்டுவார்கள். நேரம் இருந்தால் சாந்த லூசியா பேராலயத்தையும், சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் திருப்பிக் கட்டிய பொன்னம்பலவாணேஸ்வரர் கோவிலையும் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

வெள்ளவத்தையில் ஏறியதும் பெரியம்மாவுக்கு ஒரு கோல் எடுப்பேன். "வெளிக்கிட்டிட்டன் பெரியம்மா."

"எதில வாறாய்?"

"நூத்தி அம்பத்தஞ்சில."

"அப்ப நான் ஆறுதலா உலை வைக்கிறன்."