ஓரம் விட்டு எழுதுங்கள்: சட்டக் கேள்வி பதில்

கேள்வி: புரோநோட்டு எழுதி வாங்கிக்கொண்டு 1,40,000 ரூபாய் கடன் கொடுத்தேன், திரும்பி வரவில்லை. வக்கீல் வைக்க வசதி இல்லாததால் நானே வழக்குரை (வழக்குத் தொடுக்கும் மனு) எழுதி முன்சீப் கோர்ட்டில் கொடுத்தேன். ஓரம் விடவில்லை, பக்க எண் இல்லை, அடித்துத் திருத்திய இடத்தில் கையெழுத்து இல்லை என்று எழுதித் திருப்பிவிட்டார்கள். ஏழு நாள் அவகாசமாம். இதற்குள் நோட்டின் பேரில் வழக்குப் போட உள்ள மூன்று வருடக் கெடுவும் முடிந்துவிட்டது. கொடுத்த கடன் உண்மை, அப்புறம் காகிதம் எப்படி இருந்தால் என்ன? – வாசகி, கும்பகோணம்

பதில்: முதலில் பயத்தை விடுங்கள். மூன்று வருடம் முடிவதற்குள் நீங்கள் கொடுத்துவிட்டதால் அந்த முதல் தேதிதான் கணக்கு. ஆனால் அது நிலைக்க வேண்டுமானால் அவர்கள் சொன்ன ஏழு நாளுக்குள் குறைகளைச் சரிசெய்து திரும்பக் கொடுக்க வேண்டும். அதைத் தாண்டினால் தாமதத்தை மன்னிக்கக் கேட்டு ஒரு மனு, அதற்கு ஒரு பிரமாண வாக்குமூலம் (அஃபிடவிட்) என்று வேலை கூடிவிடும். இன்னொன்று, புதிதாக டைப் அடித்தாலும் பழைய வழக்குரையைக் கிழித்துப் போடாதீர்கள், கூடவே இணைத்துக் கொடுங்கள். நீங்கள் முதலில் கொடுத்த தேதிக்குச் சாட்சியான கோர்ட் முத்திரை அதில்தான் இருக்கிறது.

காகிதம் எப்படி இருந்தால் என்ன என்ற கேள்விக்கு வருகிறேன். கோர்ட்டில் ஒரு வழக்கின் காகிதக் கட்டை நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்திருந்தால் இதைக் கேட்டிருக்க மாட்டீர்கள். எல்லாத் தாள்களையும் சேர்த்து ஓரத்தில் துளையிட்டு நூலோ நாடாவோ கோத்து இறுக்கிக் கட்டுவார்கள், அந்தக் கட்டில் வழக்குரை, எதிருரை (எதிர்த்தரப்பின் பதில்), மனுக்கள் எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போகும், வருடம் போகப் போகக் கட்டு தடிக்கும். ஓரம் விடாமல் எழுதினால் ஒவ்வொரு வரியிலும் முதல் இரண்டு எழுத்து அந்தத் தையலுக்குள் போய்விடும். தேதி வரியின் தொடக்கத்தில் இருந்தால் தேதியே போயிற்று. நீதிபதி தையலைப் பிரித்தா பார்ப்பார்?

பக்க எண் அதைவிட முக்கியம். நான் ஜூனியராக இருந்தபோது ஒரு மேல்முறையீட்டுக்கு டைப்டு செட், அதாவது ஆவணங்களை வரிசையாகச் சேர்த்த தொகுப்பு, தயார் செய்தேன். கிரயப் பத்திரம் 43ஆம் பக்கம் என்று அட்டவணையில் போட்டிருந்தேன், கடைசி நேரத்தில் நாலு தாள் நடுவில் சேர்த்ததில் அது 47க்குப் போய்விட்டது. நீதிபதி 43ஐத் திருப்பினார், வேறு ஏதோ ரசீது. முன்னும் பின்னும் தேடினார், நானும் தேடினேன், எதிர்த்தரப்பு வக்கீல் கையில் இருந்த நகலில் வேறு எண். 'சரிசெய்து கொண்டு வாருங்கள்' என்று வாய்தா போட்டுவிட்டார். ராத்திரி பஸ் பிடித்து வந்திருந்த கட்சிக்காரர் வராந்தாவில் நின்று 'என்ன ஆச்சு சார்' என்று கேட்டது இன்னும் மறக்கவில்லை. அன்றிலிருந்து எண் போடுவதைக் கடைசி வேலையாக வைத்துக்கொண்டேன், எல்லாத் தாளும் சேர்ந்த பிறகுதான்.

திருத்தத்துக்குக் கையெழுத்து கேட்பதும் உங்கள் பாதுகாப்புக்குத்தான். தாக்கல் செய்த பிறகு யாரோ கைவைத்தார்கள் என்ற பேச்சு வரக் கூடாது. பிரமாண வாக்குமூலத்தில் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'திருத்தம்: இல்லை' என்றோ எத்தனை என்றோ எழுதிக் கையெழுத்துப் போடுவது இதற்காகவே. தேதி, தொகை எல்லாம் எண்ணாலும் எழுத்தாலும் இருக்க வேண்டும் என்று உரிமையியல் நடைமுறைச் சட்டமே, 6ஆம் கட்டளை 2ஆம் விதியில், சொல்கிறது. 1,40,000 என்று மட்டும் விடாதீர்கள், ரூபாய் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் என்றும் எழுதுங்கள். பத்திகளுக்கு வரிசையாக எண் போடுங்கள்.

அசல் புரோநோட்டில் மட்டும் துளை போடாதீர்கள், மார்க்கரால் கோடும் இழுக்காதீர்கள். ஒரு கவரில் போட்டுக் கவரை இணையுங்கள், ஜெராக்ஸ் ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

வக்கீல் வைக்க வசதி இல்லை என்றீர்களே, அதுதான் எனக்கு வருத்தம். 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 12ஆம் பிரிவின்படி பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவசச் சட்ட உதவி உண்டு. நாளைக் காலையே உங்கள் தாலுகா சட்டப் பணிகள் குழுவுக்குப் போய், திரும்பி வந்த காகிதத்தைக் காட்டுங்கள்.

கேள்வி: கோர்ட்டில் கொடுப்பதை ஒரு பக்கத்தில் மட்டும் அச்சடித்து இவ்வளவு காகிதத்தை வீணாக்க வேண்டுமா? – கல்லூரி மாணவர், மதுரை

பதில்: உச்ச நீதிமன்றம் இதை மாற்றிவிட்டது. 2020 ஏப்ரல் 1 முதல் அங்கே ஏ4 தாள், இரண்டு பக்கமும் அச்சு, தாளின் கனம் 75 ஜிஎஸ்எம்முக்கு (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற அளவு) குறையக் கூடாது. டைம்ஸ் நியூ ரோமன் எழுத்து, அளவு 14, வரி இடைவெளி ஒன்றரை, ஓரம் இடமும் வலமும் 4 செ.மீ., மேலும் கீழும் 2 செ.மீ. இரண்டு பக்கமும் அச்சடித்தால் இரு ஓரத்திலும் இடம் வேண்டும், தாளைத் திருப்பினால் தையல் மறுபுறம் வந்துவிடும் அல்லவா! மற்ற கோர்ட்டுகளில் இதே அளவுதான் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள், அந்தந்த கோர்ட் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் வழக்கின் உண்மைகளை விளக்கி நீதிபதிக்கு நேராகப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பலாமா? – வாசகர், திண்டுக்கல்

பதில்: வேண்டாம். எதிர்த்தரப்புக்குத் தெரியாமல் வரும் எதையும் பார்த்து நீதிபதி தீர்ப்பு எழுத முடியாது. சொல்ல வேண்டியதை மனுவாக எழுதி, எதிர்த்தரப்புக்கு ஒரு நகலைக் கொடுத்துவிட்டு, கோர்ட் அலுவலகத்தில் தாக்கல் செய்யுங்கள். வக்கீல் வைத்திருந்தால் அவர் மூலமாகவே செய்யுங்கள்.