லைப்ரரிக்குள் எட்டிப் பார்க்கலாமா?

கேள்வி: ஜாவாவில் வேலை செய்கிறேன். இன்டெல்லிஜே ஐடியா எடிட்டரில் ஒரு லைப்ரரி மெத்தட் மேல் கன்ட்ரோல்-பி அழுத்தினால் அதன் சோர்ஸ் கோட் திறக்கிறது. "ஜாவாடாக் (லைப்ரரியின் பயன்பாட்டு விளக்க ஆவணம்) போதும், உள்ளே பார்த்துப் பழகினால் கெட்டுப்போவாய்" என்கிறார் டீம் லீட். இப்படி ஒரு வசதி இருப்பதே தப்பா?

பதில்: வசதி இருக்கத்தான் வேண்டும். உங்கள் லீட் பயப்படுவதிலும் நியாயம் உண்டு. இரண்டுக்கும் சாட்சி ஸ்ட்ரிங் கிளாஸின் சப்ஸ்ட்ரிங் மெத்தட்தான்.

ஜாவா 7இன் ஆரம்ப வெளியீடுகள் வரை சப்ஸ்ட்ரிங் எழுத்துகளை நகலெடுக்காது. மூல ஸ்ட்ரிங்கின் கேரக்டர் அர்ரேயையே பகிர்ந்துகொண்டு, எங்கே தொடக்கம், எத்தனை எழுத்து என்ற இரண்டு எண்களை மட்டும் தனியாக வைத்துக்கொள்ளும். ஒரு கோடி எழுத்துள்ள லாக் ஃபைலை ஒரே ஸ்ட்ரிங்காகப் படித்து, அதிலிருந்து 8 எழுத்து ஆர்டர் எண்ணை வெட்டி மேப்பில் போட்டீர்கள் என்றால், அந்த 8 எழுத்துக்காகச் சுமார் 20 எம்பி மெமரி விடுபடாமல் கிடக்கும். சப்ஸ்ட்ரிங்கின் ஜாவாடாக்கில் இதைப் பற்றிப் பேச்சே கிடையாது. ஹீப் (ஆப்ஜெக்ட்கள் வாழும் மெமரிப் பகுதி) ஏன் நிரம்புகிறது என்று தேடியவர்களுக்கு சோர்ஸைத் திறந்த பிறகுதான் காரணம் தெரிந்தது. வெட்டியதைக் கொண்டு புதிதாக ஒரு ஸ்ட்ரிங் உருவாக்கி வைப்பது அன்றைய வைத்தியம்.

2012இல் வந்த ஜாவா 7 அப்டேட் 6, பகிர்வதை நிறுத்திவிட்டு நகலெடுக்கத் தொடங்கியது. மெமரித் தொல்லை தீர்ந்தது. ஆனால் சப்ஸ்ட்ரிங்குக்குச் செலவே இல்லை என்று சோர்ஸைப் பார்த்து நம்பி, நீளமான ஸ்ட்ரிங்கின் முதல் எழுத்தை லூப்பில் வெட்டிக்கொண்டே போகும் பார்சர் எழுதியிருந்தால் படுத்துவிடும்: நீளம் இரட்டிப்பானால் நேரம் நான்கு மடங்கு. வேகத்தைப் பற்றி ஜாவாடாக் வாக்கே கொடுக்கவில்லை, யாரிடம் போய் முறையிடுவது?

பிழை ஏன் வருகிறது என்று அறிய சோர்ஸைப் படியுங்கள். உங்கள் கோட் எதை நம்பலாம் என்பதை ஜாவாடாக்கிலிருந்து மட்டும் எடுங்கள். உள்நடத்தையை நம்பியே தீரவேண்டிய இடத்தில், அதைச் சோதிக்கும் யூனிட் டெஸ்ட் ஒன்றை எழுதி வையுங்கள். வெர்ஷன் ஏற்றும் அன்றே அது காட்டிக்கொடுக்கும். வேகத்தை நம்பினால் நேரத்தையும் அளக்க வேண்டும், விடை சரிதானா என்று பார்க்கும் டெஸ்ட் போதாது.

கேள்வி: சில லைப்ரரிகளில் மாறிகள் வார்1, வார்2 என்றே வருகின்றன, கமென்ட் ஒன்றும் இல்லை. வேறு சிலவற்றில் சோர்ஸ் ஒழுங்காக இருந்தும் டீபக் செய்யும்போது சம்பந்தமில்லாத வரியில் நிற்கிறது.

பதில்: முதல் வகை, எழுதியவரின் கோடே அல்ல. சோர்ஸ் ஜார் (சோர்ஸ் ஃபைல்களின் தொகுப்பு) கிடைக்காதபோது ஃபெர்ன்ஃபிளவர் என்ற டீகம்பைலர், கம்பைல் ஆன கிளாஸ் ஃபைலிலிருந்து திருப்பி எழுதித் தருவது. எடிட்டரின் மேல்பட்டையில் அப்படிப் போட்டும் இருக்கும், கண்கள்தான் அங்கே போவதில்லை. கமென்ட் கம்பைல் ஆகும்போதே போய்விடும். டீபக் தகவல் இல்லாமல் கம்பைல் செய்திருந்தால் லோக்கல் மாறிகளின் பெயரும் போகும். ஒரு நாளின் விநாடிகளுக்கு அழகாக ஒரு கான்ஸ்டன்ட் பெயர் வைத்திருந்தாலும், பயன்படுத்திய இடத்தில் 86400 என்ற மொட்டை எண்தான் தெரியும்.

அதே பட்டையில் 'டவுன்லோட் சோர்சஸ்' என்று இருக்கும், அழுத்துங்கள். மேவன் சென்ட்ரல் என்ற பொது லைப்ரரிக் களஞ்சியத்தில் வெளியிடுபவர்கள் சோர்ஸ் ஜாரும் தரவேண்டும் என்பது விதி. ஆனால் லைசென்ஸ் சிக்கல் உள்ளவர்கள் ரீட்மீ ஃபைல் மட்டும் போட்ட ஜாரை ஏற்றினாலும் ஒப்புக்கொள்வார்கள். அப்படி வந்தால் டீகம்பைலரே கதி.

வரி தப்புவதற்குப் பெரும்பாலும் காரணம், ஓடுவது ஒரு வெர்ஷன், திறந்திருப்பது இன்னொரு வெர்ஷனின் சோர்ஸ். சோர்ஸும் பைட்கோடும் (கம்பைல் ஆன வடிவமும்) பொருந்தவில்லை என்று ஐடியாவே எச்சரிக்கும். எந்த லைப்ரரி எதை இழுத்து வருகிறது என்று காட்டும் டிபென்டன்சி ட்ரீயைப் பார்த்து, வேண்டாத வெர்ஷன் எந்த வழியாக நுழைகிறது என்று கண்டுபிடித்து எக்ஸ்க்ளூட் செய்யுங்கள். பிறகும் அடம்பிடித்தால், லோக்கல் மேவன் ரெப்பாசிட்டரியில் அந்த வெர்ஷனின் ஃபோல்டரை மட்டும் அழித்துவிட்டு ரீலோட் கொடுங்கள்.

எல்லாம் பொருந்தினாலும், காட்டப்படும் சோர்ஸிலிருந்துதான் அந்த ஜார் உருவானது என்பதற்கு அது முழுச் சான்று ஆகாது. 2024 மார்ச்சில் அம்பலமான எக்ஸ்இசட் என்ற கம்ப்ரஷன் லைப்ரரியின் பின்வாசலை (ரகசிய நுழைவழியை) இயக்கிவிடும் ஸ்கிரிப்ட், வெளியீட்டு டார்பாலில் (பதிவிறக்கத் தரும் தொகுப்பில்) மட்டும் இருந்தது. கிட் ரெப்பாசிட்டரியில் இல்லை.

கேள்வி: நாங்கள் விற்கும் ஜாவா லைப்ரரியை வாடிக்கையாளர் இப்படித் திறந்து பார்க்காமல் தடுக்க முடியுமா?

பதில்: ஜாரைக் கையில் கொடுத்த பிறகு முடியாது, கடினமாக்கலாம். புரோகார்ட் என்ற கருவி, கிளாஸ், மெத்தட் பெயர்களை ஏ, பி என்று சுருக்கும். ஸ்ட்ரிங்குகளை மறைக்காது, எனவே உள்ளே பாஸ்வேர்டோ ஏபிஐ கீயோ வைத்திருந்தால் அப்படியே தெரியும். ரிஃப்ளெக்ஷனில் பெயர் சொல்லி அழைக்கும் கிளாஸ்களுக்குக் கீப் விதி (பெயரை மாற்றாதே என்ற கட்டளை) எழுதாவிட்டால் ஓடும்போது உடையும். ஒவ்வொரு வெளியீட்டின் மேப்பிங் ஃபைலையும் (எந்தப் பெயர் எதுவாக மாறியது என்ற பட்டியல்) பத்திரப்படுத்தாவிட்டால், வாடிக்கையாளர் அனுப்பும் ஸ்டாக் ட்ரேஸ் (பிழை வந்த மெத்தட்களின் வரிசை) உங்களுக்கே புரியாது.

2008இல் மைக்ரோசாஃப்ட் டாட்நெட் ஃபிரேம்வொர்க்கின் சோர்ஸை விஷுவல் ஸ்டுடியோவில் டீபக் செய்யும்போது பார்க்கத் திறந்துவிட்டது. படிக்கலாம், எடுத்துப் பயன்படுத்தக் கூடாது என்பது லைசென்ஸ். கட்டண லைப்ரரிக்கு அந்த வழியே மேல். மேவன் சோர்ஸ் பிளக்-இன்னை பில்டில் சேருங்கள், பேக்கேஜ் ஆகும்போதே அதே வெர்ஷன் எண்ணில் சோர்ஸ் ஜாரும் உருவாகும். அதைப் பணம் கட்டியவர்களுக்கான தனி ரெப்பாசிட்டரியில் மட்டும் வையுங்கள்.